பாட்டியின் கைப்பக்குவமும் விடுதலைப் பத்திரமும்

நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு வர்க்கியும் ஹோம்மேட் சாக்லேட்டும் இப்போது போதவில்லை. ‘மலை மக்களின் பாரம்பரிய உணவு’ வேண்டுமாம். எரகி ஹிட்டு, அவரைக் குழம்பு, சாமைச் சோறு. அதை வீடியோ எடுக்க ஒரு பாட்டியும் வேண்டும். வெள்ளைத் துணி உடுத்தி, தலையிலும் வெள்ளைத் துணி கட்டி, விறகடுப்பின் முன்னால் குந்தியிருக்கும் பாட்டி. “இந்த வயசுலயும் இவ்வளவு தெம்பா இருக்கீங்களே பாட்டி, என்ன ரகசியம்?” என்று கேட்பார்கள். பாட்டி சிரிப்பார். பக்கத்தில் நிற்கும் மகனோ பேரனோ “எல்லாம் சாமைதாங்க” என்று பதில் சொல்வார். கீழே நானூறு பேர் இதயம் போட்டிருப்பார்கள். பாட்டி எந்த நிலத்தில் அந்தச் சாமையை விளைவித்தார், அந்த நிலத்தின் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி ஒன்றில் பிறந்த படுகப் பெண். அந்தப் பாட்டி எனக்கு ஹெத்தை முறை. அவர் கைப்பக்குவத்தைப் புகழ்கிறவர்கள்மீது எனக்கு இருக்கும் கோபத்தைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் நம் ஒன்றிய அரசு சிறுதானியத்துக்கு ‘ஸ்ரீ அன்ன’ என்று பெயர் வைத்தது. அது முதல் மேடைதோறும் ‘பாரம்பரிய அறிவின் காவலர்களான மலைப் பெண்கள்’ என்று பேசுகிறார்கள். காவலருக்குச் சம்பளம் உண்டு. எங்கள் பெண்களுக்கு என்ன உண்டு?

முதலில் சாமையைப் பற்றிப் பேசுவோம். தின்கிறவர்களுக்கு அது ஆரோக்கியம். ஆக்குகிறவருக்கு அது உரலும் உலக்கையும். நெல்லைப்போல எளிதில் உமி கழன்றுவிடும் தானியம் இல்லை சாமை. காயவைக்க வேண்டும், குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். மணி சின்னது என்பதால் முறத்தைக் கொஞ்சம் தவறாக அசைத்தாலும் உமியோடு அரிசியும் போய்விடும். மலைக் குளிரில் விடியுமுன் எழுந்து, அன்றைக்கு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்களோ அத்தனை பேருக்கும் குத்திப் புடைத்து வைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போகவேண்டும். காட்டிலும் சும்மா இல்லை. எங்கள் முன்னோர் காலத்தில் ஏர் ஓட்டுவது ஆண் வேலை. களை எடுப்பது, கொத்துவது, அறுப்பது, சுமப்பது எல்லாம் பெரும்பாலும் பெண் தலையில். சாமை, ராகி, கொரளி, பார்லி, கோதுமை, கீரை விதை என்று ஹட்டியைச் சுற்றி விளைந்த அத்தனையும் பெண்களின் முதுகெலும்பைத் தேய்த்துத்தான் வீட்டுக்கு வந்தன. கோத்தர் பெண்கள் வனைந்து சுட்ட பானைகளும் கோத்தர் ஆண்கள் அடித்த கொத்துகளும் எங்கள் தானியத்துக்கு மாற்றாக வந்த காலம் அது. மானுடவியல் புத்தகங்கள் அதை அழகான பண்டமாற்று வாழ்வு என்று வர்ணிக்கின்றன. எங்கள் வீட்டுத் தானியத்தை உமி நீக்கிக் கொடுத்தவர் யார் என்று அவை அதே விரிவோடு எழுதியதில்லை.

அதனால் நம் முற்போக்கு நண்பர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். ரேஷன் அரிசி எங்கள் பெண்களுக்கு வந்த நிம்மதி. 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூனில் விலையில்லாமலே வந்தது. ‘ரேஷன் அரிசி வந்துதான் பாரம்பரிய உணவு அழிந்தது’ என்று இயற்கை உணவு ஆர்வலர்கள் கண்ணீர் விடும்போது எனக்கு உரல்தான் நினைவுக்கு வரும். அந்த அரிசி வந்ததால் தினமும் இரண்டு மணி நேரம் மிச்சமான பெண்ணிடம் போய், மறுபடியும் உலக்கையைப் பிடி என்கிறீர்களா? மில் வைத்துத் தருகிறோம் என்கிறவர்களை வரவேற்கிறேன். ஆனால் அந்த மில் யார் பெயரில் வருகிறது, கடன் யாருக்குக் கிடைக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்பேன்.

சிறுதானியத்தில் சத்து இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தட்டில் என்ன இருக்கிறது என்பதோடு, அந்தத் தட்டுக்கு யார் கடைசியாக உட்காருகிறார் என்பதும் இந்தக் கணக்கில் உண்டு. சாமைச் சோறு ஆக்கிய வீட்டிலும் அவள் கடைசிதான்.

பாரம்பரியம் என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கும்பிடுகிறவர்களுக்குப் பால்வீட்டையும் ஞாபகப்படுத்த வேண்டும். பழைய படுக வீட்டுக்குள்ளே ஹாகோட்டு என்று ஓர் அறை உண்டு. பாலும் மோரும் நெய்யும் வைக்கும் இடம். பெண்கள் அதற்குள் நுழையக்கூடாது. பால் கறப்பது ஆண்களின் வேலை. தோடர் மந்துகளிலும் எருமைப் பால் கறப்பதும் கடைவதும் ஆண்களுக்கே உரியது. பால்மனைக்குப் பக்கத்தில் பெண் போகமுடியாது. இந்த மலையின் மிக உயர்ந்த உணவாகக் கருதப்பட்டது பால். அதிலிருந்து பெண்ணை விலக்கி வைத்தார்கள். கஷ்டப்பட்டு உமி நீக்க வேண்டிய தானியத்தை மட்டும் அவள் கையில் கொடுத்தார்கள். இன்றைக்கு வீட்டுக்கு வீடு சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறோம், மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள்தான். பாலின் புனிதம் போய் அது வேலையாக மாறியபின், தீட்டும் எங்கோ போய்விட்டது பாருங்கள்.

தேயிலைக்கு வருகிறேன். வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே தேயிலை எஸ்டேட் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் சின்ன நிலங்களுக்குத் தேயிலை வந்தது அதற்கு வெகுகாலத்துக்குப் பிறகு. இடையில் உருளைக்கிழங்கு கொஞ்ச காலம் எங்களைக் காப்பாற்றியது. 1961இல் இந்த மலையின் உருளைக்கிழங்கு வேர்களில் நூற்புழுவைக் கண்டுபிடித்தார்கள். விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. மறுபக்கம் 1962இல் குந்தாவில் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் வந்தன. சாமைக் காடும் ராகிக் காடும் கிழங்குக் காடும் தேயிலையாயின. ‘விவசாயிகள் தேயிலைக்கு மாறினார்கள்’ என்று எழுதுவார்கள். எந்த விவசாயி? எங்கள் வீட்டில் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. தாத்தாவும் பெரியப்பாவும் அப்பாவும் திண்ணையில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அவரைக்கும் கீரைக்கும் இருந்த இடம் போயிற்று. அதுவரை குதிரில் என்ன இருக்கிறது, அடுத்த மழைக்கு எந்த விதையை எடுத்து வைப்பது என்பதாவது பெண்கள் கையில் இருந்தது. தேயிலையில் குதிரும் கிடையாது, விதையும் கிடையாது. இலை போகும், பணம் வரும். பணம் வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவருக்கு.

தேயிலைத் தோட்டம் என்றதும் இலை பறிக்கும் பெண்ணின் படம்தான் உங்கள் மனதில் வரும். பாக்கெட்டிலும் அவள்தான், சுற்றுலாத் துறை விளம்பரத்திலும் அவள்தான். அந்தப் படத்துக்குள் இரண்டு விதமான பெண்கள் இருக்கிறார்கள் என்பது கீழ்நாட்டில் பலருக்குத் தெரியாது. ஒருவர் எஸ்டேட் தொழிலாளி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கிளப்பி அனுப்பப்பட்டு, டேன்டீயிலும் தனியார் எஸ்டேட்டுகளிலும் இறங்கிய குடும்பங்களின் பெண்கள் இதில் ஏராளம். அவருக்குச் சம்பளம் குறைவு, குடியிருப்பது லைன் வீடு, வேலை போனால் அந்த வீடும் போகும். ஆனாலும் சட்டம் என்று ஒன்று அவரைப் பற்றிப் பேசியது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்கிற இடத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது, வீடும் மருத்துவமும் கொடு என்றது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வேறு கதை. கேட்பதற்கு ஒரு வாசல் இருந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டு சாலையில் உட்கார்ந்த தமிழ்த் தோட்டப் பெண்கள் அந்த வாசலில் நின்றுதான் போனஸ் கேட்டார்கள். சமாதானம் பேச வந்த ஆண் தொழிற்சங்கத் தலைவர்களை விரட்டியடித்துவிட்டுக் கேட்டார்கள். அதை டிவியில் பார்த்த அன்றைக்கு எங்கள் ஹட்டியில் பெண்கள் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொருவர் என் அம்மாவைப் போன்றவர். ‘சொந்தத் தோட்டத்தில்’ பறிப்பவர். அந்தச் சட்டம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த தோட்டத்தை எட்டிப் பார்க்கவில்லை. எங்களுடையது ஒன்றரை ஏக்கர். கூலிக்கு ஆள் பிடித்தால் அவர்களுக்குக் கிலோ கணக்கில் பணம் கொடுக்க வேண்டும், கொடுக்கவும் செய்வோம். பக்கத்து வரிசையில் நின்று அதே இலையை அதே வேகத்தில் பறிக்கும் அம்மாவுக்கு ஒரு காசு கிடையாது. அவர் ‘முதலாளியம்மா’ அல்லவா! நாற்பது வருஷம் முதலாளியம்மாவாக இருந்ததில் அவர் விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன, முழங்கால் மடங்காது. இலைக் கணக்குப் புத்தகம் அப்பா பெயரில் இருந்தது. அப்பா போனபின் அண்ணன் பெயருக்கு மாறியது. அம்மா பெயர் நடுவில் ஒருநாள்கூட அதில் ஏறவில்லை.

பசுந்தேயிலை விலைக்காக எங்கள் ஆண்கள் நடத்திய போராட்டங்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். 1999க்குப் பின் விலை ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தபோது இந்த மலையே தடுமாறியது. பிள்ளைகளின் படிப்பு நின்றது, தோட்டத்தைக் காடாக விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கோவைக்கும் போனார்கள். 2023 செப்டம்பரில் கிலோவுக்கு 33 ரூபாய் 75 காசு வேண்டும் என்று கோத்தகிரிப் பகுதியில் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். நியாயமான கேட்பு. சுவாமிநாதன் ஆணையம் சொன்னதுபோல உற்பத்திச் செலவோடு அதில் பாதியையும் சேர்த்துக் கொடு என்பதுதான் அது. அந்தச் செலவுக் கணக்கை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உரம், மருந்து, கவாத்துக்கூலி என்று எழுதிக்கொண்டே போய், ‘குடும்ப உழைப்பு’ என்று ஓர் இனம் வரும். விவசாய விலை நிர்ணயத்தில் முறைப்படி சேர்க்கிற இனம்தான். அந்தக் குடும்ப உழைப்பு யார்? பந்தலில் வெள்ளை உடையில் வந்து உட்கார்ந்த பெண்கள்தான். அவர்களுடைய உழைப்பைக் காட்டி அரசிடம் விலை கேட்கிறோம். விலை கிடைத்தால் அது போய்ச் சேரும் வங்கிக் கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. அரசு எங்களுக்குச் செய்வது அநியாயம் என்று மைக் பிடித்த அண்ணன்மார்களே, இதற்கு என்ன பெயர்?

நிலம் யார் பெயரிலோ அவரே விவசாயி. பிஎம் கிசான் என்று ஆண்டுக்கு 6,000 ரூபாய் வருகிறதே, அது நிலம் உள்ள குடும்பத்துக்குத்தான். மானியம், மறுநடவு உதவி, பயிர்க்கடன் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கிற காகிதம் அதுதான். இங்கே பாதிப் பட்டாக்கள் இன்னும் தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கின்றன என்று ஆண்களே புலம்புகிறார்கள். அந்தக் கூட்டில் ஒரு மகளின் பெயரையாவது காட்டுங்கள் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் ஒரு பதிலை வைத்திருக்கிறார்கள். “நம்ம சமுதாயத்துல வரதட்சணை உண்டாம்மா? விதவை மறுமணம் காலங்காலமா இருக்கு, பிடிக்கலைன்னா பிரிஞ்சு வந்து வேற கல்யாணம் பண்ணிக்கலாம். கீழ்நாட்டுல இதெல்லாம் நடக்குமா?” உண்மைதான். நானும் கல்லூரியில் மற்ற பெண்களிடம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், இப்போதும் அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் வரதட்சணையும் கொடுக்காமல், நிலமும் கொடுக்காமல், வெறுங்கையோடு மகளை அடுத்த ஹட்டிக்கு அனுப்புவது வீட்டுக்கு எவ்வளவு லாபம் என்று யோசித்தீர்களா? பிடிக்கவில்லை என்றால் பிரிந்து வரலாம், சரி. எங்கே வருவது? அண்ணன் வீட்டுக்கு. அண்ணன் தோட்டத்தில் இலை பறிக்க.

ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ ஹெத்தை பண்டிகை வருகிறது. பேரகணிக்கு ஊர் ஊராக வெள்ளை உடுத்தி நடந்து போகிறோம். ஹெத்தை என்றால் பாட்டி. உலகத்தில் எத்தனை இனங்களுக்குப் பாட்டி தெய்வமாகக் கிடைப்பாள்! ஆண்கள் அவள் முன்னால் தரையில் விழுந்து கும்பிடுகிறார்கள். பண்டிகை முடிந்து ஊர் திரும்பியதும், உயிரோடு இருக்கிற பாட்டியின் மகளிடம் ஒரு பத்திரத்தை நீட்டுகிறார்கள்.

அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். பூர்வீகச் சொத்தில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்து, மகள் தன் சகோதரனுக்கு எழுதித் தருவது. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மகன்கள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எத்தனை, மகள்கள் எழுதிக்கொடுத்தது எத்தனை என்று எண்ணத் தேவையே இருக்காது. ‘அன்பின் பேரில்’, ‘மனப்பூர்வமாக’ என்று எழுதியிருக்கும். மறுத்தால் என்ன நடக்கும் என்பதை எந்தப் பத்திர எழுத்தரும் எழுதமாட்டார். அம்மா செத்தால் சாவு வீட்டுக்குள் யார் அழைப்பார்கள், பிள்ளைக்கு மாமன் முறை யார் செய்வார், ஹட்டிக்குள் காலடி வைத்தால் யார் முகம் திருப்புவார்கள் என்ற பயம்தான் அந்த மனப்பூர்வம். நான் கையெழுத்துப் போடவில்லை. அண்ணன் என்னோடு பேசி ஆறு வருஷம் ஆகிறது. என் தங்கை போட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989லேயே திருத்தம் கொண்டுவந்தது. அதற்குமுன் திருமணமானவர்களை அது விட்டுவிட்டது. 2005இல் ஒன்றிய அரசின் திருத்தம் அவர்களையும் சேர்த்தது, விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்த பிரிவையும் நீக்கியது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் வந்துகொண்டே இருக்கிறது. ஹட்டிக்குள் மட்டும் அது இன்னும் வந்து சேரவில்லை.

பெண் பெயரில் நிலம் எழுதினால் குடும்பம் உடையும், நிலம் துண்டாகும் என்கிறவர்கள் இதே மலையின் சரிவில் வாழும் இருளர், குறும்பர் பக்கம் பார்க்கட்டும். 2006 வன உரிமைச் சட்டம் 4(4)ஆவது பிரிவில், திருமணமானவர் என்றால் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் உரிமை எழுதவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற வழக்கால் அந்தப் பட்டாக்கள் பல வருஷம் முடங்கிக் கிடந்தன, இன்னும் கிடைக்காதவர்கள் நிறைய. காட்டில் சாமையும் ராகியும் விதைத்த அந்தப் பெண்களிடமிருந்து காட்டைப் பிடுங்கியது அரசு. அந்த அரசே எழுதிய சட்டத்தில்தான் இந்த ஒரு வரியும் இருக்கிறது. நாகரிகத்தில் அவர்களைவிட மேல் என்று நினைத்துக்கொள்ளும் நம் வீட்டு ஆண்கள் இந்த ஒரு வரியையாவது அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

கடைசியாக, எந்த மேடையிலும் யாரும் எடுக்காத பேச்சு. படுகர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று நாம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவருகிறோம். பேரணிகளில் பெண்கள்தான் முன்வரிசை, வெள்ளை உடையில் படம் நன்றாக வரும் என்பதால். கோரிக்கை சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2(2) பிரிவை மட்டும் படித்துக் காட்டுகிறேன்: ஒன்றிய அரசு தனியாக அறிவிக்கை செய்தாலொழிய இந்தச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. அதாவது பட்டியலில் சேரும் நாளில், 1989லும் 2005லும் எங்களுக்குக் கிடைத்த மகளின் பங்கு கேள்விக்குறியாகிவிடும். பிறகு வழக்காறு என்ன சொல்கிறதோ அதுதான் என்று வாதாட வழி பிறக்கும். வழக்காறு என்ன சொல்லும் என்று எங்களுக்குத் தெரியும். பழங்குடிப் பெண்களுக்கு இந்தப் பிரிவு இழைக்கும் அநீதியை ஆராய்ந்து திருத்தும்படி 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே ஒன்றிய அரசிடம் சொன்னது. அந்தப் பெண்களோடு சேர்ந்து நாமும் கேட்கவேண்டிய திருத்தம் அது. நமக்குக் கிடைத்திருப்பதையும் இழந்துவிட்டு அப்புறம் கேட்பதா?

அடுத்த பேரணிக்கு எங்களைக் கூப்பிட வரும்போது, கோரிக்கை மனுவில் இதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டு வாருங்கள்: பட்டியலில் சேர்க்கும் ஆணையோடு, வாரிசுரிமைச் சட்டம் எங்கள் மகள்களுக்குத் தொடர்ந்து பொருந்தும் என்ற அறிவிக்கையும் அதே நாளில் வேண்டும். அந்த வரி இல்லாத மனுவில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. எங்கள் ஹட்டியில் இன்னும் பதினொரு பெண்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நான்கு பேர் பாட்டிகள்.